அது நரம்பு இல்லைங்க!

நம் ஊரில் உடம்பில் நீளமாக எது தெரிந்தாலும் அதற்குப் பெயர் நரம்பு. கோபத்தில் கழுத்தில் புடைப்பது நரம்பு. ஊசி போட நர்ஸ் தேடுவது நரம்பு. ("நரம்பே சிக்க மாட்டேங்குதே பாட்டி, கையை நல்லா மடக்குங்க!") ஜிம்முக்குப் போய் வந்த என் ரூம் மேட் சட்டைக் கையை மடித்துவிட்டு ஊருக்கே காட்டுவதும் நரம்பு. போதாக்குறைக்கு யாழில் நரம்பு, வாழை இலையிலும் நரம்பு.

பேச்சில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் புத்தகம் நரம்பு என்றால் மூளையிலிருந்து சேதி கொண்டு போகும் கம்பி என்கிறது. ஆக ஒரே சொல்லுக்கு வீட்டில் ஓர் அர்த்தம், புத்தகத்தில் வேறு அர்த்தம். இரண்டும் மருந்துக் கடை வாசலில் முட்டிக்கொள்ளும். "கால்ல நரம்பு இழுக்குது, வலிக்குது" என்று ஒருவர் சொன்னால், கடைக்காரர் சிவப்பு நிறத்தில் ஒரு வைட்டமின் மாத்திரையை எடுத்து நீட்டுவார். அது நரம்புக்கான மாத்திரை. ஆனால் வலிப்பது பல நேரம் நரம்பே அல்ல, சிரை. அதாவது கெட்ட ரத்தம் என்று நாம் சொல்லும் ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டு போகும் குழாய்.

காலில் பச்சையாக, நீலமாக, புழு நெளிவது போல் சுருண்டு தெரியுமே, அதைத்தான் சொல்கிறேன். டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். நம் வீடுகளில் "நரம்பு சுருட்டிக்கிச்சு". இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. நான் டாக்டர் இல்லை, இயற்பியல் மாணவன். ஆனால் இந்த நோயில் பாதிக்கு மேல் இயற்பியல்தான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன். :)

மேலே ஏற வேண்டிய ரத்தம்

இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் இறங்குவதில் சிரமம் இல்லை. பின்னால் இதயம் தள்ளுகிறது, கீழே புவியீர்ப்பு இழுக்கிறது. கஷ்டம் திரும்பி வருவதில்தான். தமனி வழியே வந்த ரத்தம் தந்துகிகளுக்குள் புகுந்து வெளியே வரும்போது இதயம் தள்ளிய வேகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டிருக்கும். அந்த ரத்தம் கணுக்காலிலிருந்து நெஞ்சு வரை ஏற வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். சராசரி உயரமுள்ள ஒரு பெண்ணுக்குக் கணுக்காலிலிருந்து இதயம் வரை சுமார் 1.1 மீட்டர். ரத்தத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1060 கிலோ. இரண்டையும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-உடன் பெருக்கினால் ஏறக்குறைய 11,400 பாஸ்கல் வரும். ரத்த அழுத்தம் அளக்கும் அலகில் சொன்னால் சுமார் 86 மி.மீ. பாதரசம். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் உள்ள சிரைகள் இந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டுதான் நிற்கின்றன. நிஜத்தில் அளந்து பார்த்தவர்களும் 80 முதல் 90 வரை என்றுதான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் திரவ அழுத்தம் ஒழுங்காக நடத்திய வாத்தியாருக்கு இந்த இடத்தில் ஒரு நன்றி.

இந்தச் சுமையை இறக்க உடம்பில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு.

ஒன்று, கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அது சுருங்கி, உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே பீய்ச்சப்படுகிறது. இதை "இரண்டாவது இதயம்" என்றே சொல்வார்கள். நன்றாக இருக்கும் காலில் பத்து எட்டு நடந்தாலே அந்த 86 என்பது 30-க்கும் கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது, வால்வுகள். சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் போல் இரண்டிரண்டு இதழ்கள். ரத்தம் மேலே போனால் திறக்கும், கீழே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருக்கிறதே, அதே வேலை. ஃபுட் வால்வு கெட்டால் என்ன ஆகும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது.

காலிலும் அதே கதைதான். ஏதோ ஒரு வால்வு சரியாக மூடாமல் போகிறது. ரத்தம் கீழே வழிந்து தேங்குகிறது. தேங்கும் ரத்தம் சிரையை விரிக்கிறது. சிரை விரிந்தால் அடுத்த வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் விலகுகின்றன. அதுவும் கசிகிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக. வெளியே சுருண்டு தெரிவது இந்தக் கசிவின் கடைசிக் காட்சி.

விரல் வைத்துப் பார்க்கலாம்

இந்த வால்வுகளைப் பற்றி இத்தாலியின் பதுவா நகரில் இருந்த ஃபாப்ரிசியஸ் 1603-ல் தனி நூலே வெளியிட்டார். ஆனால் அவை எதற்கு என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேயர் 1628-ல் வெளியிட்ட நூலில்தான் ரத்தம் சுற்றி வருகிறது என்பதை நிறுவினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்றை நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம்.

கையைக் கொஞ்ச நேரம் தொங்க விடுங்கள். முன்கையில் ஒரு சிரை புடைக்கும். அதன் மேல் ஒரு விரலை அழுத்தி வையுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி ரத்தத்தை வழித்துத் தள்ளுங்கள். பிறகு இரண்டாவது விரலை எடுங்கள். நடுவில் ஒரு வால்வைத் தாண்டித் தள்ளியிருந்தால், அந்த வால்வு வரைக்கும் உள்ள துண்டு காலியாகவே கிடக்கும். மேலிருந்து ரத்தம் திரும்பி வராது. முதல் விரலையும் எடுத்தால் சட்டென்று கீழிருந்து நிரம்பும். 1628-ல் வெளியான சோதனை, 4 நூற்றாண்டு கழித்து ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து நான் செய்தபோதும் வேலை செய்தது!

சரி, ஜிம் நண்பனின் கையில் புடைப்பது நோயா? இல்லை. தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். அதனால் நேராகப் புடைத்துத் தெரிகிறது. வால்வு நன்றாகவே இருக்கும். புடைத்துத் தெரிவது மட்டுமே நோய் ஆகாது.

கால் படிப்படியாகச் சொல்வது

இந்தச் சிரைக் கோளாறுகளை டாக்டர்கள் 0 முதல் 6 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1994-ல் உருவான முறை, பிறகு இரண்டு முறை திருத்தப்பட்டது. அதை நம் பாஷையில் சொல்கிறேன்.

0: வெளியே எதுவும் தெரியாது. ஆனால் சாயங்காலம் ஆனால் கால் கனக்கும், குடையும்.

1: தோலில் சிலந்தி வலை போலச் சிவப்பு, ஊதா நிறத்தில் மெல்லிய கோடுகள். அகலம் 3 மி.மீ.க்கும் குறைவு. பெரும்பாலும் அழகுப் பிரச்சினை மட்டும்தான்.

2: 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் புடைத்துச் சுருண்ட சிரைகள். "நரம்பு சுருட்டல்" என்று நாம் சொல்வது இதைத்தான்.

3: வீக்கம். காலையில் சரியாக இருக்கும். மாலையில் கணுக்கால் பக்கம் விரலால் அழுத்தினால் குழி விழும். கொலுசுத் தடம் பதிந்து நிற்கும்.

4: தோல் மாறும். கணுக்காலுக்கு மேலே பழுப்பு நிறம் ஏறும். தேங்கிய ரத்தத்தின் சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிவதால் வரும் நிறம் அது. அரிப்பு வரும், செதில் உதிரும். நாளாக ஆகத் தோல் இறுகிப் பலகை போலாகும்.

5: புண் வந்து ஆறிய தழும்பு.

6: ஆறாத புண்.

எல்லோரும் வரிசையாக 6 வரை போவதில்லை. பலர் ஆயுள் முழுக்க 2-லேயே நின்றுவிடுவார்கள். ஆனால் யார் நிற்பார்கள், யார் மேலே போவார்கள் என்று வெளியே தெரியும் சுருளின் பருமனை வைத்துச் சொல்ல முடியாது. கயிறு போலப் புடைத்தவர் வலியே இல்லாமல் இருப்பார். லேசாகத் தெரிபவருக்குப் புண் வரும். அதனால் பார்க்க வேண்டியது சுருளை அல்ல. வீக்கத்தையும் தோலின் நிறத்தையும்.

யாருக்கு வரும்? அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அதிகம். உடல் பருமன் ஒரு காரணம். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அளவு கூடுகிறது, ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடும், சிலருக்குத் தங்கிவிடும். இவற்றோடு, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் வேலை.

என் அத்தையின் கால்

என் அத்தை ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 16 வருடம் வேலை பார்த்தார். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதரை. தீபாவளி சமயத்தில் இன்னும் கூட. உட்காரக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்.

முதலில் கால் கனத்தது. "நின்னா எல்லாருக்கும் வலிக்கத்தான செய்யும் மருமகனே" என்பார். பிறகு முழங்காலுக்குக் கீழே சுருள் தெரிந்தது. நரம்பு என்று முடிவாகி நரம்பு மாத்திரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்து உருவி விட்டார்கள். பிறகு கணுக்காலுக்கு மேலே கறுத்தது. அரிக்கிறது என்று படை மருந்து வாங்கிப் போட்டார். அந்தக் கறுப்பில் ஒருநாள் கடைப் பெட்டியின் முனை லேசாக இடித்தது. நகம் பட்ட அளவு காயம். அது ஆறவே இல்லை. எட்டணா அளவாகி, ஐந்து ரூபாய் நாணய அளவாகி, நீர் வடிய ஆரம்பித்தது.

இப்போது தெருவே டாக்டர் ஆனது. "சர்க்கரைப் புண்ணுதான் இது, காலை எடுக்கச் சொல்லுவாங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அத்தை ராத்திரி தூங்கவில்லை. ரத்தம் சோதித்தால் சர்க்கரை துளியும் இல்லை. அப்படியானால் ஏன் ஆறவில்லை என்று யாருக்கும் புரியவில்லை. மஞ்சள், வேப்பிலை, பவுடர், களிம்பு என்று இரண்டு வருடம் போனது.

கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் அம்மா அத்தையைப் படுக்கச் சொல்லவில்லை. "எழுந்து நில்லுங்கம்மா" என்றார். படுத்தால் சிரைகள் வடிந்து காலியாகிவிடும், நின்றால்தான் நிரம்பித் தெரியும். பிறகு டாப்ளர் ஸ்கேன். ஒலி அலை வைத்து ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது. தொடையின் உள்பக்கச் சிரையில் ரத்தம் கீழ்நோக்கி வழிவது திரையில் நிறமாகவே தெரிந்தது. "உங்க புண்ணுக்கு மருந்து மேலே போடுறதில்ல, கீழே தேங்கற ரத்தத்தை ஏத்தணும்" என்றார். வாராவாரம் கால் முழுக்கப் பல அடுக்காக இறுக்கிக் கட்டு. நான்கு மாதத்தில் புண் மூடியது. அப்புறம் கசியும் சிரையை லேசர் வைத்து அடைத்தார்கள். அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்ததும் அத்தை சொன்னது: "பதினாறு வருஷமா நில்லு நில்லுன்னு சொன்னவங்க நடுவுல, வைத்தியம் பாக்க நில்லுன்னு சொன்ன ஒரே ஆளு அந்தம்மாதான்."

நரம்பா, தமனியா, சிரையா?

அத்தைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, கால் வலி என்று யார் சொன்னாலும் நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். இது நோயைக் கண்டுபிடிக்க அல்ல, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்ள.

நின்றால் கூடி, நடந்தால் அல்லது காலைத் தூக்கி வைத்தால் குறைகிறதா? கனமும் குடைச்சலும் மாலையில்தான் அதிகமா? அப்படியானால் சிரை. இதில் வரும் புண் பெரும்பாலும் உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கும்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விடுகிறதா? பாதம் குளிர்ந்து இருக்கிறதா? அப்படியானால் தமனி அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வாய்ப்பு அதிகம். புண் விரல் நுனிகளில் வரும்.

எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது, செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் போவது? அதுதான் நிஜமான நரம்பு. சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். புண் உள்ளங்காலில் வரும், வலிக்கவே வலிக்காது.

மூன்றையும் நாம் "கால் நரம்பு வலி" என்ற ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறோம். மூன்றுக்கும் மருந்து வேறு. முக்கியமாக, சிரைக்கு நல்லது செய்யும் இறுக்கமான காலுறை, தமனி அடைத்த காலுக்குப் போட்டால் ஆபத்து. அதனால்தான் கடையில் நாமே வாங்கி மாட்டக் கூடாது, டாக்டர் காலின் நாடியைப் பார்த்த பிறகு போட வேண்டும் என்கிறார்கள்.

ஓட வேண்டிய நேரம்

இதுவரை சொன்னது மெதுவாகப் போகும் நோய். கீழே உள்ளவை காத்திருக்காதவை. இந்தப் பத்தியை மட்டுமாவது வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று: ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால். உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமானவர்கள், புற்றுநோயாளிகள், மணிக்கணக்கில் கால் மடக்கிப் பயணம் செய்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. தயவுசெய்து அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

இரண்டு: அதோடு திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம். உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உயிர் போகும் விஷயம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்று: சுருண்ட சிரை உடைந்து ரத்தம் கொட்டினால். பயந்துபோய் எழுந்து ஓடுவார்கள், முழங்காலில் துண்டைக் கட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். உடனே படுக்க வைத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கி, கொட்டும் இடத்திலேயே சுத்தமான துணியை மடித்து அழுத்துங்கள். மேலே உள்ள கணக்கு நினைவிருக்கிறதா? நின்றால் 86, படுத்துக் காலைத் தூக்கினால் கிட்டத்தட்டப் பூஜ்யம். அவ்வளவுதான் சூட்சுமம். நின்றதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நான்கு: சுருண்ட சிரை கயிறு போலக் கெட்டியாகி, சிவந்து, தொட்டால் வலித்தால். மேல் சிரையில் உறைவு. முந்தையவை அளவுக்கு அவசரம் இல்லை, ஆனால் ஸ்கேன் பார்க்க வேண்டும். உறைவு ஆழத்துக்கும் பரவியிருக்கலாம்.

வைத்தியம், அன்றும் இன்றும்

இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோமானியத் தளபதி காயஸ் மாரியஸுக்கு இரண்டு கால்களிலும் இந்த நோய். மயக்க மருந்து இல்லாத காலம். கட்டிப் போடவும் விடாமல் ஒரு காலை நீட்டி அறுக்கக் கொடுத்தார் என்றும், அடுத்த காலுக்கு வைத்தியர் வந்தபோது இந்த வலிக்கு அந்தக் குணம் ஈடாகாது என்று மறுத்துவிட்டார் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். ரோமாபுரியை ஆண்டவருக்கே ஒரு கால்தான் முடிந்தது!

இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. கசியும் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் அதை அடைத்துவிடுகிறார்கள். மெல்லிய சிரைகளுக்கு மருந்தை ஊசியில் ஏற்றிச் சுருங்க வைக்கிறார்கள். பழைய முறையில் சிரையை உருவி எடுக்கும் ஆபரேஷனும் உண்டு.

"சிரையையே அடைத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்?" என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி. காலின் ரத்தத்தில் பெரும்பங்கை ஆழச் சிரைகள்தான் தூக்குகின்றன. மேல் சிரை போனாலும் கால் சமாளித்துக்கொள்ளும். இதயத்துக்கு பைபாஸ் செய்யும்போது காலிலிருந்து எடுத்துப் பொருத்துவதும் பெரும்பாலும் இதே மேல் சிரையைத்தான்.

ஆபரேஷன் எல்லோருக்கும் தேவையில்லை. எடையைக் குறைப்பது, நடப்பது, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது, டாக்டர் சொன்னால் காலுறை. காலுறையின் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா போன கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற எஞ்சினியருக்குக் காலில் சிரைப் புண். நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். நீரில் ஆழம் போகப் போக அழுத்தம் கூடும். அதாவது கணுக்காலில் அதிகம், மேலே வர வரக் குறைவு. அதே மாதிரி அழுத்தும் காலுறையை 1950 வாக்கில் செய்தார். இன்றைய காலுறைகளும் அந்தத் தத்துவம்தான். காலையில் வீக்கம் வருமுன், எழுந்தவுடன் மாட்ட வேண்டும். மதியம் வீங்கிய பிறகு மாட்டப் போராடிவிட்டு "இது எனக்கு ஒத்துக்கலை" என்று அலமாரியில் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். அடைத்த சிரை பெரும்பாலும் திரும்ப வராது, ஆனால் வேறு சிரைகள் கெடலாம். காரணம் அப்படியே இருந்தால் நோயும் திரும்பி வரும்.

காரணம் என்றால்?

நிற்பது. டென்மார்க்கில் உழைக்கும் மக்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் நின்றே வேலை செய்பவர்கள் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வது மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிய வந்தது. நடப்பது வேறு, நிற்பது வேறு. நடந்தால் கெண்டைக்கால் பம்ப் ஓடுகிறது. நின்றால் அது அணைந்து கிடக்கிறது. கால் தொங்கவிட்டு நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதும் நல்லதல்ல. மாறி மாறி இருக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். அங்கேதான் சிக்கல்.

இந்தியாவில் 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில், நின்று வேலை செய்வோர் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று எழுதினார்கள். ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அது பொருந்தவில்லை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்ணும் அவரது பெண்கூட்டு அமைப்பும் உட்காரும் உரிமைக்காகப் பல வருடம் போராடி, 2018-ல் கேரளத்தில் சட்டம் வந்தது. அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை 'அங்காடித் தெரு' படம் 2010-ல் காட்டியபோது இந்தச் சட்டம் இல்லை.

அத்தை வேலை பார்த்த கடையிலும் இப்போது ஸ்டூல் இருக்கிறது. சேலைப் பெட்டிகளை அதன் மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று அத்தையைக் கேட்டேன். "கஸ்டமர் வரும்போது உக்காந்திருந்தா மரியாதை இல்லாத பொண்ணுன்னு நினைப்பாங்களாம்" என்றார்.

யோசித்தால் அது முழுக்க முதலாளி மேல் போடக்கூடிய பழி இல்லை. பெரியவர் வந்தால் எழுந்து நில், வாத்தியார் வந்தால் எழுந்து நில் என்று வளர்ந்தவர்கள் நாம். நிற்பது மரியாதை என்பது நம் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. அந்த மரியாதையைப் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சட்டம் ஸ்டூலைத்தான் கொடுக்க முடியும். அதில் உட்கார்ந்தபடி ஒரு பெண் சேலையை எடுத்து விரித்தால், முகம் சுளிக்காமல் "அந்த மாம்பழக் கலர் காட்டுங்கக்கா" என்று சொல்வது நம் கையில் இருக்கிறது.

அப்புறம், வீட்டில் யாராவது "கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு, வயசாகுதுல்ல" என்றால், அது நரம்பு இல்லை என்று சொல்லுங்கள். கணுக்காலில் நிறம் மாறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சென்னையில் இருப்பவர்களானால், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாளங்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள். மருந்துக் கடைக்கு அப்புறம் போகலாம்.